பெயர் நீண்டுகொண்டே போகும் சட்டம்

நான் பார்த்த முதல் வேலை, படிக்க முடியாத பக்கங்களைத் தேடுவது.

மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை 2004 ஜூலையில் திறந்தது. அடுத்த வருடம் கே.கே. நகரில் ஒரு வக்கீல் ஆபீஸில் தட்டச்சு செய்யச் சேர்ந்தேன். கிளை வருவதற்கு முன்னால், உள்ளே வைத்திருப்பவரை விடுவிக்கக் கேட்கும் ஆட்கொணர்வு மனு போட வேண்டுமென்றால் தென்மாவட்டத்து ஜனங்கள் சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். இப்போது ஒத்தக்கடை வரை டவுன் பஸ் போதும். அதனால் எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் காலை ஏழு மணிக்கே ஆள் உட்கார்ந்திருக்கும். பெரும்பாலும் பெண்கள்தான். அம்மா, மனைவி, சில நேரம் அக்கா. மடியில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் நூல் கோத்துக் கட்டிய நகல் கட்டு ஒன்று. அதற்கு எங்கள் ஆபீஸில் பெயர் 'புக்லெட்'. நூறு பக்கத்துக்குக் குறைந்து நான் பார்த்ததில்லை. முந்நூறு பக்கமும் பார்த்திருக்கிறேன்.

சீனியர் ஐயா முதல் நாளே சொல்லிவிட்டார். "கேஸ் என்னன்னு அப்புறம் படிக்கலாம் தம்பி. மொதல்ல எந்தெந்தப் பக்கம் படிக்க முடியலைன்னு பென்சில்ல குறி. இங்கிலீஷ்ல மட்டும் இருந்து தமிழ் மொழிபெயர்ப்பு இல்லாத பக்கம் எது, தேதி ஒட்டாத பக்கம் எதுன்னு பாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஒருவனை உள்ளே வைத்திருக்கிறார்கள். அவன் தப்பு செய்தானா இல்லையா என்று பார்க்காமல் ஜெராக்ஸ் தெளிவாக இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும்? ஆறு மாதம் போன பிறகுதான் புரிந்தது, இந்தச் சட்டத்தில் பார்ப்பதற்கு வேறு எதுவும் கிடையாது என்று.

பத்திரிகை 'குண்டர் சட்டம்' என்று எழுதும். ஊரில் சொல்வது 'குண்டாஸ்'. "அவனுக்குக் குண்டாஸ் போட்டுட்டாங்க" என்றால் டீக்கடையில் எல்லோருக்கும் அர்த்தம் தெரியும்: ஒரு வருஷம் வரமாட்டான். தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம், எண் 14. தடுப்புக் காவல் சட்டம். இதில் ஒருவரை உள்ளே வைக்க விசாரணை வேண்டாம், தீர்ப்பு வேண்டாம். இவர் இனிமேல் பொது ஒழுங்குக்குக் குந்தகமாக நடந்துகொள்வார் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ 'திருப்தி' அடைந்தால் போதும். சட்டத்தில் இருக்கும் சொல்லே அதுதான். கல்யாணச் சாப்பாட்டுக்குச் சொல்கிற சொல்.

அதன் பிறகு நாள் கணக்கு ஓடும். 5 நாளுக்குள் காரணங்களைக் கைதியிடம் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். காவல் சரிதானா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்கு 3 வாரத்துக்குள் அனுப்ப வேண்டும். காவலில் வைத்த நாளிலிருந்து 7 வாரத்துக்குள் கழகம் கருத்துச் சொல்ல வேண்டும். அங்கே வக்கீல் கூட வர உரிமை இல்லை. கழகம் சரி என்று சொல்லிவிட்டால் 12 மாதம் வரை வைத்திருக்கலாம். நடுவே கைதிக்கு இருக்கும் ஒரே ஆயுதம், 'என்னை ஏன் பிடித்தீர்கள்' என்று அரசுக்கு எழுதும் முறையீடு. அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது பிரிவு அவருக்குத் தந்திருப்பது அது. முறையீடு எழுத வேண்டுமென்றால் கொடுத்த காகிதத்தைப் படிக்க முடிய வேண்டும். படிக்க முடியாவிட்டால் உரிமை பறிபோனது, ஆணை ரத்து. அங்கேதான் என் பென்சில் வந்தது.

அந்தப் புக்லெட்களைத் தட்டச்சு செய்து செய்து எனக்கு ஒரு வித்தை கைவந்தது. ஆணையின் கடைசிப் பக்கத்தைப் படிக்காமலே எழுதிவிடுவேன். ஆள் மாறும், ஊர் மாறும், கதை மாறாது. பொது இடத்தில் நடந்து போகிறவரை மறித்து, கத்தியைக் காட்டி, சட்டைப் பையிலிருந்து சில நூறு ரூபாயைப் பறித்திருப்பார். கேட்க வந்தவர்களை மிரட்டியிருப்பார். பொதுமக்கள் அலறியடித்து ஓடுவார்கள். கடைக்காரர்கள் கடையை அடைப்பார்கள். போக்குவரத்து நிற்கும். ஒவ்வொரு ஆணையிலும் அதே கடைகள் அடைக்கப்படும், அதே ஜனங்கள் ஓடுவார்கள். அப்படி நின்ற போக்குவரத்தையெல்லாம் கூட்டினால் மதுரைக்குள் ஒரு பஸ்கூட நகர்ந்திருக்க முடியாது என்று குமாஸ்தா அண்ணன் சிரிப்பார். இந்தச் சம்பவத்துக்குப் பெயர் 'கிரவுண்ட் கேஸ்'. அதற்கு முந்தையவை 'அட்வர்ஸ் கேஸ்'. ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பார். அப்புறம் ஏன் தடுப்புக் காவல்? 'ஜாமீனில் வெளியே வர வாய்ப்பு உள்ளது' என்பதால். ஜாமீன் கொடுப்பதா வேண்டாமா என்பது நீதிபதி முடிவு செய்ய வேண்டியது. அவர் கொடுத்துவிடுவாரோ என்ற பயத்தில் ஆட்சியர் முந்திக்கொள்கிறார்.

இதைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. நான் டைப் செய்த ஆட்களில் எனக்கே பயமாக இருந்தவர்கள் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு கந்துவட்டிக்காரர் இருந்தார். அவர் மீது குண்டாஸ் போட்ட அன்று தெருப் பெண்கள் நிம்மதியாக வாசலில் உட்கார்ந்து பேசியதை நான் பார்த்தேன். அந்த நிம்மதி பொய் இல்லை. ஆனால் எட்டு மாதத்தில் அவர் திரும்பி வந்தார். அவர் மேல் இருந்த அசல் வழக்கு ஒரு அடிகூட நகரவில்லை. சாட்சிகள் அவரைப் பார்த்துக் கும்பிட்டார்கள். வழக்கை நடத்தித் தண்டனை வாங்கிக் கொடுக்கும் சிரமம் யாருக்கும் வேண்டாமென்று ஆக்கியதுதான் இந்தச் சட்டம் எங்கள் தெருவுக்குச் செய்த உதவி.

சரி, பெயருக்கு வருகிறேன்.

எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1982இல் சட்டம் வந்தபோது அதன் தலைப்பில் ஐந்து வகை ஆட்கள் இருந்தார்கள்: கள்ளச்சாராயம் விற்பவர், போதைமருந்துக் குற்றவாளி, குண்டர், பாலியல் தொழில் நடத்துபவர், குடிசைப் பகுதி நிலத்தை அபகரிப்பவர். 1988இல் வனக் குற்றவாளி சேர்ந்தார். 2004இல் வீடியோ திருடர். பிறகு மணல் திருடர். 2014இல் இணையக் குற்றவாளியும் பாலியல் குற்றவாளியும். ஆங்கிலத்தில் இதன் முழுப் பெயரை ஒரே மூச்சில் சொல்ல முடியாது. அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். புதிதாக ஒருவர் வந்தால் வரிசையில் அவருக்கான இடத்தில் செருகிவிடுவார்கள். பஸ்ஸில் சீட்டு பிடிப்பது மாதிரி. ஆனால் இந்தப் பஸ்ஸிலிருந்து இதுவரை யாரும் இறங்கவில்லை.

2004இல் வீடியோ திருடரைச் சேர்த்தபோது நான் கைதட்டியவன். எனக்கு அப்போது சினிமாப் பைத்தியம். படம் வெளியான மறுநாளே திருட்டு விசிடி வந்து ஒரு தொழிலையே தின்கிறது, பிடித்து உள்ளே போடட்டும் என்று நண்பர்களிடம் வாதாடியிருக்கிறேன். எனக்கு மட்டுமல்ல, யாருக்குமே அந்தத் திருத்தத்தில் ஆட்சேபம் இருந்ததாக நினைவில்லை. பாலியல் குற்றவாளியைச் சேர்த்தபோதும் அப்படித்தான். பத்துப் பேரையும் ஒவ்வொருவராக எடுத்துப் பாருங்கள். யாருக்காக நீங்கள் தெருவில் இறங்குவீர்கள்? சாராயக்காரனுக்காகவா, மணல் திருடனுக்காகவா? ஒரு புதுப் பெயர் சேரும்போது எதிர்த்தால் அந்த ஆளின் பக்கம் நிற்பதாக ஆகிவிடும். அதனால் எல்லோரும் பேசாமல் இருப்போம். பட்டியல் நீள்வதும் அந்த மௌனத்தில்தான்.

2006இல் எங்கள் தெருவிலேயே டிவிடி கடை வைத்திருந்த பையனைக் குண்டாஸில் கொண்டுபோனார்கள். கடை என்றால் ஒரு பெட்டிக்கடையின் பாதி. என் அம்மா அவனிடம்தான் பழைய சாமி படம் வாங்குவார். அவன் அம்மா எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தபோது என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. "தம்பி, நீ இங்கதான் இருக்கியா" என்று அவர் சந்தோஷப்பட்டது இன்னும் சங்கடமாகிவிட்டது.

பாட்டியிடம் இதைச் சொன்னேன். பாட்டி ஊர் உசிலம்பட்டிப் பக்கம். கேட்டுவிட்டு, "ரேகைச் சட்டம் போயிருச்சுன்னாங்களே" என்றார்.

குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அந்தப் பக்கத்துப் பெயர் அது. வெள்ளைக்காரன் 1871இல் வடக்கே கொண்டுவந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினான். ஒரு சாதியில் பிறந்தாலே பிறவிக் குற்றவாளி. ஆண்கள் கைரேகை பதிய வேண்டும், ராத்திரியில் போலீஸ் சொல்லும் இடத்தில் வந்து படுக்க வேண்டும், வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மாட்டோம் என்று கூடிய ஜனங்களைச் சுட்டார்கள். மாயாக்காள் என்ற பெண் உள்பட பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஊரில் நினைவுத் தூண் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் சட்டத்தை ஒழித்தது 1947இல். அடுத்த வருடமே 'வழக்கமான குற்றவாளிகள்' சட்டம் வந்துவிட்டது. பரம்பரை போய் வழக்கம் வந்தது. காவல் நிலையத்தில் நோட்டு அதே நோட்டு.

பெருங்காமநல்லூர் நடந்த அதே 1920இல் கைதிகள் அடையாளச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். யாரிடம் ரேகை எடுக்கலாம் என்று சொல்லும் சட்டம். நூறு வருடம் ஓடியது. 2022இல் அதை எடுத்துவிட்டு நாடாளுமன்றம் புதியது போட்டது. ரேகையோடு கருவிழி, விழித்திரை, கையெழுத்து வரை இப்போது எடுக்கலாம். 75 ஆண்டு வைத்திருக்கலாம். யாரிடம் எடுக்கலாம் என்ற வரிசையில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவர்களும் இருக்கிறார்கள். பாட்டி 2009இல் போய்விட்டார். இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும்.

தடுப்புக் காவலை வெள்ளைக்காரன் தலையில் மட்டும் கட்டவும் முடியாது. விசாரணை இல்லாமல் சிறை வைக்க வழிவிட்ட ரவுலட் சட்டத்தை எதிர்த்து நாடு தழுவிய ஹர்த்தால் என்ற யோசனை காந்திக்கு 1919இல் சென்னையில் தங்கியிருந்தபோதுதான் வந்தது. அந்தப் போராட்டத்தில் வளர்ந்தவர்கள், குடியரசு பிறந்து ஒரு மாதத்துக்குள், 1950 பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் போட்டார்கள். ஒரு வருடத்துக்கான தற்காலிகச் சட்டம். திரும்பத் திரும்ப நீட்டி 1969 வரை ஓட்டினார்கள். அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போன முதல் பெரிய வழக்கே நம் மாகாணத்து வழக்கு: ஏ.கே. கோபாலன் எதிர் சென்னை மாகாணம். கம்யூனிஸ்ட் தலைவர் கோபாலன் தோற்றார். அந்த வருடம்தான் சேலம் சிறையில் 22 கம்யூனிஸ்ட் கைதிகளைச் சுட்டுக் கொன்றார்கள்.

அப்புறம் மிசா, நெருக்கடி நிலையில் ஆட்களை விசாரணை இல்லாமல் உள்ளே தள்ளிய சட்டம். தமிழ்நாட்டில் மிசா ஒரு பட்டம் மாதிரி. மிசாவில் உள்ளே இருந்தேன் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் விழும். 1976 ஜனவரி 31இல் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். மு.க. ஸ்டாலின் உள்பட அந்தக் கட்சிக்காரர்கள் சென்னை மத்தியச் சிறையில் அடி வாங்கினார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்த அடியிலிருந்து மீளாமல் செத்தார். நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அதை விசாரித்தது. அந்த அனுபவத்தில்தான் 1978இல் 44ஆவது அரசமைப்புத் திருத்தம் வந்தது. அதில் தடுப்புக் காவலை இறுக்கிக் கட்டும் ஒரு பிரிவு உண்டு: அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் மூன்று மாதம் வரை வைக்கலாம் என்று இருந்ததை மாற்றி, இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது, கழக உறுப்பினர்களை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே நியமிக்க வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் அந்த ஒரு பிரிவை அமலுக்குக் கொண்டுவரும் அறிவிக்கையை இன்றுவரை எந்த அரசும் வெளியிடவில்லை. ஜனதா வெளியிடவில்லை, காங்கிரஸ் வெளியிடவில்லை, பா.ஜ.க. வெளியிடவில்லை. ஆட்சிக்கு வந்தபின் எல்லோருக்கும் மூன்று மாதம் வசதியாகத்தான் இருக்கிறது.

எனக்கு இதில் மறக்க முடியாதது வைகோ கதை. 2002 மார்ச் 26 அன்று நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்து உட்கார்ந்து, 425க்கு 296 என்று பொடா என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றின. வைகோவின் ம.தி.மு.க. அப்போது ஆளும் கூட்டணியில், சட்டத்தை ஆதரித்தது. ஜூன் 29ஆம் தேதி திருமங்கலத்தில் வைகோ பேசினார். ஜூலை 11ஆம் தேதி அமெரிக்காவிலிருந்து திரும்பி விமான நிலையத்தில் இறங்கியவரை அதே பொடாவில் பிடித்து வேலூர் சிறைக்குக் கொண்டுபோனது ஜெயலலிதா அரசு. ஏறக்குறைய 19 மாதம். டெல்லியில் தீவிரவாதிக்கென்று தைத்த சட்டை, நான்கு மாதத்துக்குள் தைக்கக் கை கொடுத்தவர் அளவுக்குச் சரியாக இருந்தது. பழ. நெடுமாறனுக்கும் நக்கீரன் கோபாலுக்கும்கூட.

2004இல் பொடாவை நீக்கினார்கள். நானும் சந்தோஷப்பட்டேன். அன்றே அதன் பெரும்பகுதியை உபா என்ற பழைய சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்துக்குள் மாற்றிவிட்டார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பின் ஜாமீன் கிடைப்பதை அதில் இன்னும் அரிதாக்கினார்கள். 2019இல் அமைப்பை மட்டுமல்ல, தனி ஆளையும் பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்றானது.

ஆனால் தலைவர்கள் உள்ளே போனால் வரலாறு ஆகிறது. திரும்பி வரும்போது மாலை விழுகிறது. எங்கள் மாடிப்படியில் உட்கார்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு மிசா மாதிரி குண்டாஸைச் சட்டையில் குத்திக்கொள்ள முடியாது. கல்யாணத்துக்குப் பெண் கேட்கப் போனால் அதை மறைக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரத்தில் தடுப்புக் காவல் கைதிகள் எண்ணிக்கையில் தமிழ்நாடு பல ஆண்டுகள் முதலிடத்தில் இருந்திருக்கிறது. அதில் எத்தனை பேரின் பெயரை நாம் செய்தித்தாளில் இரண்டாவது தடவை படித்திருப்போம்?

பெயர் தெரிந்தவர்களுக்குப் போட்டால்தான் கொஞ்சம் சத்தம் வருகிறது. 2017 மே மாதம் மெரினாவில் முள்ளிவாய்க்கால் நினைவேந்தலுக்குப் போன மே 17 இயக்கத்துத் திருமுருகன் காந்திக்கும் அவரோடு மூவருக்கும் குண்டாஸ் போட்டார்கள். அதே வருடம் ஜூலையில் சேலத்தில் துண்டறிக்கை கொடுத்த ஒரு மாணவிக்கு. இரண்டையும் செப்டம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அன்று கண்டித்து அறிக்கை விட்ட தி.மு.க., ஆட்சிக்கு வந்த பின் 2023 நவம்பரில் செய்யாறு பக்கம் மேல்மாவில் சிப்காட் தொழிற்பேட்டைக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டாஸ் பாய்ந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஆறு பேர் மீதானதை விலக்கினார்கள். நிலத்தில் உழுகிறவன் அந்தப் பத்து வகையில் எந்த வகை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை, 'குண்டர்' என்ற சொல் எல்லோரையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ரத்து ஆகிறதே, நீதிமன்றம் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கிறது. 2011இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொன்னது: சாதாரணச் சட்டத்தால் சமாளிக்க முடிந்ததற்குத் தடுப்புக் காவலைக் கையில் எடுப்பது சட்டவிரோதம். அது காலாவதி மருந்து விற்றதாகச் சொல்லி ஒருவரைப் பிடித்த வழக்கு. அதற்குப் பிறகும் வண்டி அதே தடத்தில்தான் போகிறது. காரணம் எளிது. மனு போட்டு, அது பட்டியலில் வந்து, அரசு பதில் போட்டு, வாதம் முடிய நாலு, ஐந்து மாதம் ஆகும். நான் தட்டச்சு செய்தவர்களில் அதற்கு முன் வெளியே வந்த ஆள் நினைவில் இல்லை. ஆணை ரத்தானால் கையெழுத்துப் போட்டவருக்கு ஒரு ரூபாய் நஷ்டம் இல்லை. உள்ளே கிடந்தவனின் ஐந்து மாதம் யார் கணக்கிலும் வராது. அந்த ஆணை நிற்காது என்று எழுதும்போதே அவர்களுக்குத் தெரியுமோ என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. சீனியர் ஐயாவிடம் கேட்டேன். "நிக்கணும்னு யாரு எழுதறா?" என்றார்.

எங்கள் தெருப் பையன் வழக்கு ஆறாவது மாதம் வந்தது. அவன் புக்லெட்டில் 63ஆம் பக்கம் முழுக் கறுப்பு. ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் திறந்து வைத்தே எடுத்திருப்பார்கள் போல. பென்சிலால் வட்டம் போட்டவன் நான்தான். அதைக் காட்டித்தான் ஐயா வாதாடினார், ஆணை ரத்தானது. அதற்குள் பெட்டிக்கடையின் பாதியை வேறு ஒருவர் எடுத்திருந்தார், செல்போன் ரீசார்ஜ் போடுவதற்கு.

நகல் வாங்க வந்த அன்று அவன் அம்மா எனக்கு அரை கிலோ மிக்சர் வாங்கி வந்திருந்தார். மாடிப்படி இறங்கப் போனவர் திரும்பி நின்று, "அந்தப் பக்கத்துல அப்படி என்னதான் தம்பி எழுதியிருந்துச்சு?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. எங்கள் ஆபீஸில் யாருக்கும் தெரியாது.